பெஞ்சில் இரண்டு தட்டு

டொக், டொக். நடுவிரலை மடக்கி மரப்பெஞ்சில் இரண்டு தட்டு. 'போதும்டா, இறங்கு' என்று அதற்கு அர்த்தம். என்னைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் சுருக்கமானது அதுதான். தட்டியவன் பள்ளியில் என் பக்கத்து இடத்துக்காரன். நானோ வாயை மூடத் தெரியாதவன்.

பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு நான் 'சொல்தா' வேஷம் போட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பென்ஷன் வாங்கிய மிடுக்கோடு சைக்கிள் கடைக்காரரிடம் பிரெஞ்சில் சண்டை போடும் கிழவர். கைத்தடி, தொப்பி, இரவல் கோட்டு. கோட்டுக்குள் இன்னும் இரண்டு பேர் குடியிருக்கலாம். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் எழுந்தார். "இதெல்லாம் ஒரு மூஞ்சின்னு மேடை ஏறுது பாரு. எதுக்குமே ஆவமாட்டடா நீ." இப்போது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவேண்டிய சிரிப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

சைக்கிள் கொட்டகைக்குப் போய்க் கோட்டைக் கழற்றினேன். இனி மேடையே வேண்டாம் என்று முடிவு. அவன் வந்தான். ஆறுதல் சொல்வான் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு தயாரானேன்.

"நல்லா இல்லடா," என்றான்.

"வாத்தியாரும் அதத்தான சொன்னாரு?"

"அவரு உன்ன சொன்னாரு. நான் தடிய சொல்றேன். வந்ததும் கீழ போட்டுட்ட. யாரு பாத்தா? மொதல்ல நட. எல்லாரும் உன்ன பாக்கட்டும், அப்புறமா போடு. குனிஞ்சு எடுக்கறப்போ தொப்பி விழட்டும். கோட்ட மாட்டு, இன்னொரு வாட்டி பண்ணு."

இருட்டும்வரை சைக்கிள்களுக்கு முன்னால் நடித்தேன். நடிப்பை நான் நீட்டியபோதெல்லாம் ஒரு கேரியரில் தட்டினான். விழா அன்று முன்வரிசை பெஞ்சில் அவன். தடி விழுந்தது, தொப்பி விழுந்தது, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மயக்கத்தில் நான் மேலும் நீட்டிக்கொண்டே போக, டொக், டொக். இறங்கிவிட்டேன். கைதட்டல் அதன் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. என் கல்யாணத்தில், அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று நான் நீட்டிய இடத்தில் எல்லாம் அந்த விரல் இருந்தது.

வாத்தியார் சொன்ன சொல்லும் உள்ளே இன்னும் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். லாஸ்பேட்டையில் எங்கள் அலுவலகத்துப் பிரிவு உபசார விழாக்களில் நான் பேசப் போனால் அந்த 'மூஞ்சி' எனக்கு முன்னால் மேடை ஏறிவிடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வேறு மூஞ்சிக்கு நான் எங்கே போவேன்? தடியையாவது கொஞ்சம் பொறுத்துப் போடலாம்.

அவன் உடம்பு முடியாமல் கிடந்தபோது, மருத்துவமனைக்கு அவனைச் சிரிக்கவைக்கப் போனேன். பயத்தில் பேசிக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடியபடி கட்டில் கம்பியில் தட்டினான். சத்தமே வரவில்லை. விரலைப் பார்த்து நிறுத்தினேன். அதுதான் கடைசி.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, நெல்லித்தோப்பில் அவன் வீட்டில் சாப்பாடு. "அண்ணே, அவர பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க," என்றார் அவன் மனைவி. எழுந்து சொல்தா கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், அழுதார்கள். இன்னொன்று சொன்னேன். அது நன்றாக இல்லை, எனக்கே தெரிந்தது. அதற்கும் சிரித்தார்கள், துக்க வீட்டில் வேறு என்ன செய்வார்கள்? மூன்றாவதை ஆரம்பித்துவிட்டு முன்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாம் அன்பான முகங்கள். நிறுத்தச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் அவனுடைய சாப்பாட்டு மேசை. நடுவிரலை மடக்கி நானே தட்டினேன். டொக், டொக். அவன் மனைவி சட்டென்று தலையை நிமிர்த்தி, அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.