சூசை அண்ணையின் மஞ்சள் வான்

ஜெர்மனியில், ஹம் நகர ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் கறிவேப்பிலைப் பெட்டி உடைக்கிற நேரம் போய் நின்றால், நனைந்த அட்டையும் இலையும் கலந்த ஒரு மணம் வரும். போன சனிக்கிழமை அந்த மணத்துக்குள் நின்றுதான் டிலானிக்காகக் காத்திருந்தேன். கனடாவிலிருந்து மூன்று மாதமாக எனக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தவள். சூசை அண்ணையின் மகள். கடைசியாக நான் பார்த்தபோது மூன்று வயது. வாழைப்பழப் பெட்டிக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இப்போது எனக்கு முன்னால் நின்றவளுக்கு என்னைவிட உயரம்.

"அம்மாட்ட அப்பாவின்ர படம் ஒண்டும் இல்லை அங்கிள். இங்க ஆரிட்டயாவது இருக்கும் எண்டுதான் வந்தனான்."

அந்தக் காலத்தில் நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். எங்களுக்கென்று குறித்த மாவட்ட எல்லையை அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. தமிழ்க் கடை இருந்த நகரமோ எல்லைக்கு அப்பால். அதனால் கடை எங்களிடம் வந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு பழைய மஞ்சள் தபால் வான் முற்றத்தில் வந்து நிற்கும். மன்னாரில் மீன் பிடித்து வியாபாரம் செய்த சூசை அண்ணை கதவைத் திறப்பார். முருங்கைக்காய், கருவாடு, சிவப்பரிசி, பேப்பரில் சுற்றிய படக் கசெட்டுகள். பெண்சாதி றெஜினா அக்கா உள்ளே இருந்து எடுத்து எடுத்துக் கொடுப்பார். வானில் தபால் அடையாளம் முழுதாக அழியவில்லை. ஒருநாள் ஒரு ஜெர்மன் கிழவி பார்சல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவரும் மறுப்புச் சொல்லத் தெரியாமல் வாங்கி, தபால் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அவரும் எங்களைப் போலத்தான்; எல்லை தாண்டக்கூடாதவர். எங்களுக்காகவும் சுற்றியிருந்த மற்ற முகாம்களுக்காகவும் கிழமைக்கு ஐந்து நாள் தாண்டினார். இரண்டு தரம் பொலிஸ் பிடித்து எச்சரித்து விட்டது. மூன்றாம் தரம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, குறித்த நாளில் விசாரணைக்கு, ஒரு டெர்மினுக்கு வரச்சொல்லி. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். முகாமிலேயே நன்றாக ஜெர்மன் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பரப்பியவனும் நான்தான். உண்மையில் டிவி பார்த்துப் பிடித்த நாற்பது ஐம்பது சொல்.

அதிகாரி, ஏன் அனுமதியில்லாமல் போனாய் என்று கேட்டார்.

"தம்பி, சொல்லு. சனம் முருங்கைக்காய் இல்லாமல் கிடக்குதுகள் எண்டு சொல்லு," என்றார் சூசை அண்ணை.

முருங்கைக்காய்க்கு ஜெர்மன் எனக்கு எங்கே தெரியும்? நீளமான பச்சைத் தடி, மக்களுக்குத் தேவை என்று சொன்னேன். அதிகாரியின் பேனை நின்றது. தடி எதற்கு என்று கேட்டார். நான் விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டு போனது. பக்கத்தில் சூசை அண்ணை, நான் நன்றாகத்தான் பேசுகிறேன் என்று நம்பி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த டெர்மினுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே பிடித்து, சில நாளில் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அவருடைய அன்ட்ராக், அதாவது அகதி விண்ணப்பம், அதற்கு முன்பே நிராகரிக்கப்பட்டுவிட்டது, முருங்கைக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலாக அதை நம்பப் பார்க்கிறேன்.

றெஜினா அக்கா பிள்ளையோடு கனடாவில் இருந்த தமையனிடம் போக, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஒன்றைப் பிடித்தார். யாரென்று காட்டுகிற எதுவும் கையில் இருக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். படங்களையெல்லாம் அக்கா தன் கையாலேயே கிழித்துப் போட்டார். சூசை அண்ணை மன்னாரில் திரும்பவும் கடலுக்குப் போனார், கடிதம் போட்டார். சண்டை முற்றியபோது கடிதம் நின்றது. அதற்குப் பிறகு ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

டிலானி இங்கே அந்த வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறாள். காலம் முடிந்த கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று மரியாதையான பதில்.

அவளைக் கூட்டிக்கொண்டு முகாமில் எங்களோடு இருந்தவர்களின் வீடுகளுக்குப் போனேன். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பரமேஸ் அண்ணை, "ஓம் பிள்ளை, உன்ர அப்பாவை எனக்குத் தெரியாதே? பெரிய மீசை," என்றார். அடுத்த தெருவில் ராணி அக்கா, "மீசையோ? அந்த மனுசனுக்கு மீசையே இல்லை," என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த கருவாட்டின் ருசியை அரை மணிநேரம் சொன்னார். டிலானி என்னைப் பார்த்தாள். எனக்கும் மீசை நினைவில்லை. அவர் சாப்பிட்ட சாப்பாடு, போட்ட சேர்ட், வானின் கியர் பிடி எல்லாம் நினைவிருக்கிறது.

ராணி அக்காவின் அல்பத்தில் ஒரு படம் கிடைத்தது. முகாம் முற்றத்தில் அக்காவின் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஓரத்தில் பாதி வான். கதவுக்கு வெளியே நீண்ட ஒரு கை, முழங்கை வரைக்கும். டிலானி அதைப் போனில் எடுத்துப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கை புள்ளி புள்ளியாக உடைந்தது.

"இது அப்பாவின்ர கைதானே அங்கிள்?"

றெஜினா அக்காவின் கையாகவும் இருக்கலாம். "ஓம்," என்றேன்.

கடைசியாக முகாம் இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். வான் நிற்கிற இடம் என்று நான் காட்டிய இடத்தில் தள்ளுவண்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அது சரியான இடம்தானா என்றும் எனக்கு நிச்சயமில்லை.

"அப்பா என்னெண்டு கதைப்பார்? அதையாவது சொல்லுங்கோ."

கதவைத் திறந்ததும் அவர் கூப்பிடுவது ஞாபகம் வந்தது. சொல்லிக் காட்டினேன். "மன்னார் வந்திருக்கு, வாங்கோ." வந்தது என்னுடைய யாழ்ப்பாணக் குரல். அவர் கடைசிச் சொல்லை மேலே தூக்கி ஒரு இழுப்பு இழுப்பார். அப்படி இழுத்துப் பார்த்தேன். அது இன்னும் தூரமாகப் போனது. காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

டிலானி போனை என் வாய்க்குக் கிட்ட நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"பரவாயில்லை அங்கிள். இன்னொருக்கால் சொல்லுங்கோ."

சொன்னேன். அதுவும் அவர் இல்லை.