ஓடாமல் கிடைத்த ஏ

எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே பள்ளிக்கூடம். பெரியவளுக்குப் புத்தகம் போதும். வெயிலில் இறங்கச் சொன்னாலே தலைவலி வந்துவிடும். சின்னவளுக்குக் கால் தரையில் நிற்காது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து, சேலையெல்லாம் தூசியோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், தெருமுனையிலிருந்து ஒரே ஓட்டமாக வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டு அதே வேகத்தில் வீட்டுக்குப் பறப்பாள். "பொம்பளப் புள்ளைக்கு இம்மா ஓட்டம் ஆவாதுடி" என்று பக்கத்து வீட்டம்மா சொல்லும். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன பரீட்சைக்கு இரண்டு பேருக்கும் ரேங்க் கார்டு வந்தது. விளையாட்டுக்கும் அதில் ஒரு கிரேடு உண்டு. பெரியவளுக்கு ஏ. சின்னவளுக்கு சி. கார்டு மாறிப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். சின்னவளும் சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் சுண்டிப்போய் நின்றாள்.

"எனக்கு ஓட வரல போலம்மா. சார் போட்டா சரியாத்தானே இருக்கும்?"

மறுநாளிலிருந்து, நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்துதான் வந்தாள்.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பி.டி. சார் கையைப் பிசைந்தார். "என் பீரியடு எல்லாத்தையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கிறாங்கம்மா. புள்ளைங்கள நான் கிரவுண்டுலயே பாக்கல. மத்த மார்க்கப் பாத்து கிளாஸ் டீச்சரே போட்டுடுவாங்க." அதாவது, கணக்கில் தேறியவளுக்குக் காலும் வேகமாம். கணக்கில் கோட்டை விட்டவளுக்கு ஓட வராதாம். எந்த ஊர் நியாயம் இது?

சின்னவளின் கிளாஸ் டீச்சரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "ஒரு தரம் ஓட வச்சிப் பாருங்க டீச்சர். அப்புறம் என்ன வேணா போடுங்க." அவர் என்னை உட்காரச் சொல்லி, கார்டை வாங்கி, சி-யை அடித்துவிட்டு ஏ எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"பி.டி.தானேங்க. இதுக்குப் போயி ஏன் இவ்ளோ டென்ஷன்?"

ஏ கிடைத்துவிட்டது, ஆனால் கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது. கார்டை மடக்காமல் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சின்னவள் அந்த ஏ-யை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னை ஓடச் சொல்லவே இல்லியே. எப்புடிம்மா போட்டாங்க?"

"நான் போயிக் கேட்டேன்."

"அப்ப இது உனக்குப் போட்டது."

குரலில் கோபம்கூட இல்லை. கார்டை அக்காவின் கார்டுமேல் வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஓடி வரட்டுமென்று பையை உயரத் தூக்கிக் காட்டினேன். தெருமுனையில் நின்று பார்த்தாள். பிறகு நடந்தே வந்தாள்.