ஃபோமில் வெட்டிய குழி

எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஒரு பொருள் வந்துகொண்டே இருந்தது, வந்துசேரவில்லை. கம்ப்யூட்டரில் கேம் விளையாடப் போடுகிற கிராஃபிக்ஸ் கார்டு. அதுவும் கடையில் இருப்பது இல்லை, அடுத்து வரப்போகிறது. அதற்குக் காத்திருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. குன்றத்தூரில் எங்களோடு தங்கி, காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனிக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தான். கையில் இருந்த பழைய கார்டை முன்கூட்டியே விற்றுவிட்டான். புதுசு வந்துவிட்டால் பழசை யாரும் சீண்டமாட்டார்கள் என்று எங்கோ கேட்டிருக்கிறான். அதனால் அந்த வருஷம் முழுக்க அவன் கேம் விளையாடவில்லை. இனிமேல் விளையாடப்போவதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இந்த விவகாரத்தில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. இந்தத் தீபாவளிக்கு என்பார்கள். அப்புறம் மெமரி சிப் கிடைக்கவில்லை, தள்ளிப்போகிறது என்பார்கள். ரகசியமாகக் கசிந்தது என்று ஒரு மங்கலான படம் வரும். கசியவிடுகிறவனே கம்பெனிக்காரன்தான், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறான் என்று நான் சொல்வேன். மச்சினன் சிரிப்பான்.

எதையும் நம்பாதது என் பிறவிக் குணம். தர்பூசணி வாங்கப் போனால், கடைக்காரன் தட்டிக் காட்டுகிற பழத்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் பழத்தை எடுப்பேன். என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில், பெட்டிக்குள் பொருள் ஆடாமல் இருக்க வைக்கிற ஃபோம் வெட்டுகிறோம். வெட்டி வந்த ஃபோமில் குழி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அந்த ஃபோம் குழிக்குள் என்ன உட்காரப்போகிறது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். டிராயிங்கில் ஒரு நம்பர் இருக்கும், அவ்வளவுதான். கேட்டிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே பார்த்ததை வெளியே பேசமாட்டேன் என்று சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மனுஷன் சும்மா இருப்பானா? டீ நேரத்தில் குழியை வைத்துப் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் விளையாட்டு. இது மிக்ஸி ஜார், அது காரின் பக்கக் கண்ணாடி, இன்னொன்று யாரோ முதலாளியின் பல்செட்.

அந்தக் கோடையில் புதிதாக ஒரு குழி வந்தது. செவ்வகம். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டப் பள்ளம், ஓரத்தில் மெல்லிசாக ஒரு கீறல். மற்றவர்கள் டிபன் பாக்ஸ் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வட்டம் என்றால் கார்டைச் சூடாகாமல் வைக்கிற இரண்டு ஃபேன். ஓரத்துக் கீறல், கார்டைக் கம்ப்யூட்டர் டப்பாவோடு சேர்த்துத் திருகுகிற தகட்டுக்கு. மச்சினன் போனில் மாசக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடமாகிவிட்ட உருவம் அது. ஊரே தேடுகிற கார்டின் அச்சு என் கையில் இருக்கிறது என்று உடம்பு சிலிர்த்தது. யார் சொன்னாலும் நம்பாத நான் இதை முழுசாக நம்பினேன். ஏனென்றால் இதை யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

அந்த வாரமே மச்சினன் ஒரு படத்தைக் காட்டினான். வரப்போகிற கார்டு ஒன்றரை சாணுக்கு மேல் நீளமாம், பெரிய டப்பாதான் வாங்க வேண்டுமாம். கார்டு வருவதற்குள் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"பொய்டா. இம்மா நீளம்லாம் வராது. சின்ன டப்பாவே போதும்."

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. சரி மாமா என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச நாளில் அவன் வழக்கமாகப் பார்க்கிற சேனலில் ஒரு வீடியோ வந்தது. கார்டு சின்னதாக வரப்போகிறது, பேக்கிங் வேலை செய்கிற ஒருவர் மூலம் தெரிந்தது என்றார் அதில் பேசியவர். பேக்கிங் ஆள் என்றால் நான்தான். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்தேன். பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசர் அப்போதுதான் காதில் போட்டிருந்தார். வெளியே பேசியவன் நான் என்று தெரிந்தால் பர்மனென்ட் என்ன, கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். நான் சொன்னது ஒரே ஒருத்தனிடம்.

அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. முதலில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். அவன் பால்கனிக்குப் போய்ப் பேசினால் நானும் துணி காயப்போடப் போனேன். கடைசியில் போனைக் கொடு என்று கேட்டேவிட்டேன். லாக்கை எடுத்து அவனே கையில் கொடுத்தான். தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் சந்தேகத்தைக் கூட்டியது. அழித்திருப்பான். என் மனைவி, உங்க நிழல் பின்னால வந்தாக்கூட ஏன் வருதுன்னு கேப்பீங்க என்றாள். அந்த மாசமே அவன் பையைத் தூக்கிக்கொண்டு பென்னலூரில் கூட வேலை செய்கிறவர்களோடு ரூம் எடுத்துப் போய்விட்டான். கம்பெனி பக்கம் என்று காரணம் சொன்னான். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அதே சேனலில் அதே ஆள், கப்பலில் சரக்கு ஏற்றுகிற ஒருவர் சொன்னதாக, கார்டு நீளம்தான் என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வாரம் ஒரு ஆள் கிடைப்பார் போல.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்தார்கள். நாங்கள் ஃபோம் வெட்டித் தருகிற இடத்திலிருந்து வந்த பரிசாம். வீட்டில் பிரித்தேன். பாட்டு கேட்கிற ஸ்பீக்கர். செவ்வகம், இரண்டு வட்டம், ஓரத்தில் தூக்க ஒரு மெல்லிய பிடி. அதைச் சுற்றி என் ஃபோம். சரிபார்த்த கை என்னுடையது, அடையாளம் தப்பாது. ஒரு ஸ்பீக்கருக்காக அந்தப் பையனை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

பொங்கல் தாண்டிப் புதுக் கார்டு ஒருவழியாகக் கடைக்கு வந்தது. தம்பி வாங்கிவிட்டான், ஒரு எட்டு போய்ப் பாருங்க என்றாள் மனைவி. வெறுங்கையோடு எப்படிப் போவது? அந்த ஸ்பீக்கரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

ரூமில் அவன் மட்டும் இருந்தான். மூலையில் தரைமேல் கம்ப்யூட்டர். டப்பா அரிசி டின் அளவுக்குச் சின்னது. முன்பக்கத்து வலையை அறுத்து எடுத்திருந்தான். அந்த ஓட்டை வழியாகப் புதுக் கார்டு பாதி உடம்போடு வெளியே நீட்டிக்கொண்டு, முனையில் லேசாகத் தொங்கியது.

இவ்வளவு சின்னது ஏன்டா வாங்கினாய், கடையில் யாரையாவது கேட்கக் கூடாதா என்றேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"கடக்காரன் பெருசுதான் வாங்கச் சொன்னான் மாமா. ஏன் சின்னது கேக்குறன்னு கேட்டான். இன்னான்னு சொல்றது? நீங்க சொன்னீங்கன்னு சொன்னா உங்க வேலைக்கே ஆபத்து வந்துடும்ல."

வாங்கியது எப்போது என்று கேட்டேன். நான் சொன்ன அந்த வாரமே என்றான். அதாவது நான் அவன் போனைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, இந்த டப்பா எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவன் பெட்டியைப் பிரித்தான். ஸ்பீக்கரை எடுத்து ஓரமாக வைத்தான். ஃபோமைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வட்டத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இதுவா மாமா?"

"இதான்" என்றேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் ஃபோமை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டைக் கார்டின் தொங்குகிற முனைக்குக் கீழே முட்டுக் கொடுத்தான். கார்டு நேராக நின்றது. கரெக்டா கீது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் டீ வாங்கிவந்தான்.

கிளம்பும்போது, அவன் கேட்காமலே, வீட்டு வைஃபையின் புதுப் பாஸ்வேர்டைச் சொன்னேன். தலையை ஆட்டினான், போனில் எழுதிக்கொள்ளவில்லை. மனசில் வைத்திருப்பான் என்று, இந்த ஒன்றையாவது நம்பப் பார்க்கிறேன்.