வளையல் போட்ட வவ்வால்

அருள்மொழிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினமும் பொழுது சாயும் நேரத்தில் கோவில்பதாகை ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பில் வவ்வால் கணக்கெடுக்கும் வேலை. நம் காதுக்கு எட்டாத வவ்வால் சத்தத்தை 'டிக் டிக்' என்று கேட்கவைத்து, பதிவும் செய்யும் கைப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கரையோரம் நடக்க வேண்டும்.

"புள்ளத்தாச்சி போற எடமா அது? வவ்வாலு நெழல் பட்டா கொழந்தைக்கு ஆவாது!" என்று மாமியார் சரசா தெருமுனைவரை கத்திக்கொண்டே வருவாள். யார் கேட்டார்கள்!

கரை நெடுக ராட்சத விளக்குகள் நடப்போகிறார்களாம். அவ்வளவு வெளிச்சத்தில் வவ்வால் தங்குமா? இங்கே அவை இரை தேடுகின்றன என்று அதிகாரிகளிடம் காட்டினால் விளக்கைத் தள்ளி நடுவார்கள். அந்தக் கவலைதான் அவளை விரட்டியது. நல்லவேளை, போன வாரத்திலிருந்து பெட்டி வாய் ஓயவில்லை. அடேயப்பா, என்ன கூட்டம்!

அதிகாரிகளைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் மதியம் ஷாருக் போன் செய்தான். அமைப்பில் அவள் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பவன் அவன்.

"அக்கா, இது வவ்வாலே இல்லக்கா. கண்ணாடி உரசுற மாரி கீது. கையில இன்னா போட்டுகினு கீற?"

அருள்மொழி குனிந்து பார்த்தாள். போன வாரம் வளைகாப்பில் இரண்டு கையிலும் அடுக்கிய கண்ணாடி வளையல்கள். இத்தனை நாளும் தன் சத்தத்தையே கேட்டுப் பூரித்திருக்கிறாள். வெட்கக்கேடு!

கழற்றப் போனவளின் கையைச் சரசா பிடித்துக்கொண்டாள். "வலி எடுக்கறதுக்கு முன்னாடி கழட்டுவாங்களா? பைத்தியமே!"

"அப்போ நாளைக்கு இன்னாத்த காட்டுறது அத்தே?" கேட்கும்போதே அழுகை முட்டியது.

சரசா தன் கைகளைப் பார்த்தாள். புருஷன் போனதிலிருந்து அவளுக்கு வெறுங்கை. வளைகாப்பன்று மருமகளுக்கு ஒரு வளையல் போடக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை, அடுக்களையிலேயே இருந்துவிட்டாள்.

"அந்தப் பொட்டியக் குடு," என்றாள்.

சாயங்காலம் கரையில் சரசா முன்னே நடந்தாள். அருள்மொழி தூரத்தில், கைகளை மாரோடு இறுக்கிக்கொண்டு, அசையவும் பயந்து நின்றாள். பெட்டி ஊமையாகவே போனது. பாழாய்ப்போன பெட்டி! கோரைப்புல் பக்கம் திரும்பிய சரசா சட்டென்று நின்றாள்.

"கத்துதுடீ அருளு!" பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "வவ்வாலுதான்டீ! என் கையில ஒண்ணுமே இல்ல, பாத்துக்கோ!"