ஆறின சாப்பாடும் சகலையின் பட்டமும்

என் சகலைக்குப் படிப்பு ஒரு வியாதி. தொற்றாது என்பது ஒன்றுதான் ஆறுதல். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி மெஷின் ஓட்டுகிறார். நானும் அங்கேதான், ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வார்டுகளிலிருந்து ரத்தக்கறை விரிப்பும் சீழ் பட்ட துணியும் மூட்டை மூட்டையாக எங்கள் பக்கம் வந்து இறங்கும். பிரித்து மெஷினுக்குள் தள்ளுவோம். மெஷினுக்கு இரண்டு கதவு. எங்கள் பக்கம் அழுக்காகப் போனது அந்தப் பக்கம் வெளுத்து வரும். அங்கே காயவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடிப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதானால் குளித்து உடை மாற்றித்தான் போக வேண்டும். சரியான சட்டம், குறை சொல்லவில்லை. சாப்பாட்டு அறை மட்டும் பொது. அங்கேயும் குளித்துவிட்டுத்தான் போவோம். ஆனாலும் அங்கே இரண்டு மேசை. எது யாருடையது என்று எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

சகலைக்கு ஸ்டோர் பொறுப்பாளர் வேலை மேல் கண். அதற்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். தொலைதூரக் கல்வி அலுவலகத்தில் போய், "கணக்கு இல்லாத படிப்பு எது?" என்று கேட்டிருக்கிறார். சமூகவியல் என்று சொல்லிக் கையில் புத்தகங்களைத் திணித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் வீட்டில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அம்மா யார் வீட்டில் இருப்பது என்று என் மனைவியும் அவள் தங்கையும் சண்டை போட்டால், இவர் நடுவில் புகுந்து, "இது உங்க சண்டையே இல்ல, குடும்ப அமைப்போட சிக்கல்" என்பார். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு இவர் மேல் பாய்வார்கள். பாத்திரம் கழுவச் சொன்னால் உழைப்புப் பிரிவினை பற்றிப் பேசுவார். பாத்திரம் அப்படியே கிடக்கும்.

எல்லாப் பேப்பரையும் முக்கி முக்கித் தேறிவிட்டார். மிச்சம் கள ஆய்வு மட்டும். இந்த வருடத்தோடு அவர் பதிவுக் காலம் முடிகிறது. இப்போது கொடுக்காவிட்டால் படித்ததெல்லாம் தண்ணீரில் கரைத்த மாதிரிதான்.

ஆய்வுக்கு எங்கள் சாப்பாட்டு அறையையே எடுத்துக்கொண்டார். யார் யாரோடு உட்காருகிறார்கள், ஏன் என்று. ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். சொல்லிவிட்டுத்தான் ஆராய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார்: "நாளையிலேருந்து உங்களையெல்லாம் கவனிக்கப்போறேன். நீங்க எப்பவும் போல இருங்க."

யார் இருப்பார்கள்? மறுநாள் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதிரி தலை வாரிக்கொண்டு வந்தார்கள். கஞ்சி போடும் இடத்தில் மூத்தவர், எல்லாருக்கும் கஞ்சி அக்கா. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், "வாங்கண்ணே, இங்க உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தே கொடுத்தார். எங்கள் பக்கம் மூட்டை இறக்குகிறவன், அவன் பேரே மூட்டைதான், நெளிந்துகொண்டே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தான். மேசைகள் கலந்துவிட்டன. ஒரே சிரிப்பு, ஒரே உபசாரம். பார்க்கச் சகிக்கவில்லை.

சகலை தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாரும் நடிக்கிறாங்க சகலை. இதை வச்சு நான் என்னத்த எழுத?"

"உங்கள யாரு நாற்காலியில ஏறச் சொன்னது?"

"விதி அப்படி இருக்கு."

"அப்ப விதியேன்னு கிடங்க."

படிப்பு மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக ஆய்வு விற்கிறார்கள், அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்துத் தொலையுங்கள் என்றேன். ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. பரிமாறிக்கொண்டே கொழுந்தியா கேட்டாள்: "ஏன் மாமா, அங்க சூடு பண்ற அடுப்பு ரிப்பேரா?"

"இல்லையே. இப்பல்லாம் நானே தினம் அதுலதான் சூடு பண்றேன்."

"இவரு ஆறின சோறு, ஆறின சோறுன்னு என் உயிரை வாங்குறாரு. நான் விடியக்காலம் சமைக்கிறது மத்தியானம் வரைக்கும் கொதிக்க, அது என்ன எரிமலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையில் இருப்பது ஒரே மைக்ரோவேவ் அடுப்பு, அதுவும் அவர்கள் மேசை ஓரத்தில். முன்பெல்லாம் நாங்கள் ஆறினதைத்தான் தின்போம். மேசைகள் கலந்த பிறகு எங்கள் ஆட்களும் டப்பாவை அதில் வைத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர்களில் ஒருத்தரும் அந்த அடுப்பைத் தொடவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே ஆறின சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். கஞ்சி அக்கா, மடிக்கிறவர்கள், எல்லாரும். என் சகலையும்.

அங்கேயே கேட்டுவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வேணும்னு செய்யல சகலை. கை போகல."

"என் வீட்டுல தட்டு தட்டா காலி பண்றீங்களே, அப்ப மட்டும் எப்படிப் போகுது?" என்றேன்.

கொழுந்தியாதான் சொன்னாள்: "இதைத்தானே எழுதணும்? எழுதுங்களேன்."

"எழுதினா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

ஆராயப்பட்டவர்கள் கேட்டுச் சம்மதித்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அது இல்லாமல் மையத்தில் வாங்க மாட்டார்கள்.

"ஜெராக்ஸ் கடை தெறந்துதான் இருக்கும்" என்றேன். எனக்குக் கோபம் தீரவில்லை.

எழுதிவிட்டார். மறுநாள் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று படித்தார். "அடுப்பைத் தொடாமல் இருந்தவர்களில் ஆய்வு செய்த நானும் ஒருவன்" என்றுதான் ஆரம்பமே. முடிக்கும்வரை ஒருத்தரும் மெல்லக்கூட இல்லை.

"வீட்டுல குழந்தைங்க இருக்குப்பா" என்றார் கஞ்சி அக்கா.

"எங்க வீட்டுல மட்டும் பொம்மையாக்கா இருக்கு?" என்றான் மூட்டை. "நாங்க குளிச்சிட்டு வர்றோம். நீங்கதான் குளிக்காம வர்றீங்க."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் போடாவிட்டால் அந்த மேசையில் யாரும் போட மாட்டார்கள். சகலை காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். இத்தனை வருடப் படிப்பையும் சேர்த்து அடுக்குகிற மாதிரி இருந்தது.

"திமிருன்னு எழுதியிருக்கியா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. ஏன்னே எழுதல. எனக்கே தெரியல."

"பயம்னு எழுது. என் மாமியா காலை ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போச்சு, நோய் தொத்திச் செத்துப்போச்சு. பயம்னு எழுதினா போடுறேன்."

"எங்க பயத்தையும் எழுதுங்க" என்றான் மூட்டை. "அந்தத் துணியைக் கையால பிரிக்கிறது நாங்க."

நின்றபடியே இரண்டையும் எழுதினார். அக்கா போட்டார். பிறகு மற்றவர்கள். கடைசியில் நான், பேனா மை வராமல் உதறி உதறி.

சகலை தேறிவிட்டார், மயிரிழையில். ஸ்டோர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். மேசைகள் மறுபடி இரண்டாகிவிட்டன. அடுப்பை நாங்கள் விடவில்லை. கஞ்சி அக்கா இன்னும் ஆறினதைத்தான் சாப்பிடுகிறார். என் சகலை மட்டும் சூடு பண்ணிக்கொள்கிறார். ஆனால் அடுப்புக் கதவைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார். அவர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பின்னால் டப்பாவோடு நிற்கிறவனுக்கும் பசிக்கும் இல்லையா?