கல்யாணப் புடவை எடுக்க வந்த சிஸ்டர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின் அந்தக் காலத்தில் மெட்ராஸிலேயே ஒன்றோ இரண்டோதான். மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் கிட்னி கொடுக்க ரத்த உறவில் ஆள் இருந்தால்தான் மெஷின் என்று சொல்லிவிட்டார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த அவர் தம்பி, "நான் இருக்கேம்லா அண்ணே" என்று மார்தட்டினான். அந்தப் பேச்சை நம்பித்தான் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறினோம்.

மற்ற நாட்களில் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார். பட்டு செக்‌ஷனில் மெத்தைமேல் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற வேலை. தெற்கத்தி ஆள் என்பதால் ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் அண்ணாச்சிதான். ஊசி குத்துகிற சிஸ்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊசி போட அவள் இவர் கையைப் பிடித்ததுமே கல்யாணப் புடவைப் பேச்சு ஆரம்பித்துவிடும். அரக்குச் சிவப்பா, மாம்பழ மஞ்சளா, கரை எவ்வளவு அகலம்? "இன்னா அண்ணாச்சி, சிஸ்டருக்கு மட்டும்தானா? நமக்கு ஒரு வேட்டி கீதா?" என்பார் வார்டுபாய். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். சாகக் கிடக்கிற மனுஷனுக்கு என்ன புடவைப் பேச்சு! ஆனால் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் அங்கேதான் சிரித்தார்.

தம்பி கடைசியில் கையை விரித்துவிட்டான். பெண்டாட்டி விடமாட்டேன் என்கிறாளாம். பட்டறை வாசலிலேயே நின்று அவனை நாறடித்துவிட்டு வந்தேன். என்ன பிரயோசனம்? விஷயம் பெரிய டாக்டர் காதுக்குப் போய்விட்டது.

அந்த வாரமே சிஸ்டர் தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். சாயங்காலம் வீடு திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏட்டி, எனக்கு எடம் போச்சு."

"டாக்டர் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. மொதல்ல விரிச்ச புடவையையே அந்தப் பிள்ள எடுத்துட்டா. அவ அம்மா இன்னும் பாப்போம்ங்காங்க, இவ போதும்ங்கா. கல்யாணப் பொண்ணு எவளும் இப்படி எடுத்து நான் பாத்ததில்ல. என் மூஞ்சியப் பாக்கவே இல்லட்டி."

"இப்பமே வாங்க, டாக்டர் கால்ல விழுவோம்!"

"விழுந்தா கிட்னி மொளைக்குமா?"

இருந்தாலும் அவருடைய நாளன்று போனோம். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் கட்டிலில் வேறொருத்தர் படுத்திருந்தார், முப்பது வயசு இருக்கும். அந்தப் பையனுக்குக் கிட்னி கொடுக்கப் போகிற அம்மா பக்கத்தில் இருந்தார். அந்த அம்மாள் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, "உங்களுக்கும் இன்னிக்குத்தானா?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பாவம், அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்?

சிஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டாள். ஊசி பிடித்த கை நடுங்கியது. படுத்திருந்தவர் பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கட்டிலருகே போனார். "பயப்படாம நீட்டுங்க தம்பி. அந்தப் பிள்ளைக்கு நல்ல கை. வலிக்காது."

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள். அது முடிகிறவரை இவர் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வெளியே வந்து, படிக்கட்டில் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றார்.