மடைக்குள் உட்கார்ந்தவள்

நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் டேங்கர் லாரி சிந்தும் தண்ணீரில் மண் நனைந்து வாசம் எழும்போதெல்லாம், இதே பிள்ளைப்பாக்கத்தில் தொண்ணூற்றொன்றில், ஏரிக்கால்வாயிலிருந்து எங்கள் வயலுக்குப் பிரியும் மடைக்குள், இடுப்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஓட, நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும். எங்கள் முறை முடியுமுன்பே பெரியப்பா மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வார் என்று அம்மாதான் என்னை அங்கே உட்காரவைத்தாள்.

“குந்திகினே இரு. பொண்ணு மேல உங்க பெரியப்பா மண்ணு போடமாட்டாரு.”

மண்வெட்டி இழுபடும் சத்தம் கரையோடு கிட்டே வந்தது. பெரியப்பா சேற்றை வெட்டி என் மடியில் போட்டார், பிறகு இன்னொரு வெட்டு, அதுவும் மடியில்தான். அழக்கூட வராமல் வரப்பில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். எழுந்து வாடி என்று அவள் சொல்லவேயில்லை.